ஃபோம், ரப்பர், துணி: ஸ்பீக்கரின் ஆயுள் எந்த வளையத்தில் இருக்கிறது?

பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை விலை பேசும்போது நம்மாட்கள் முதலில் கேட்பது, "எத்தனை வருஷம் ஓடியிருக்கும்?" என்றுதான். இதற்கு என்ன பதில் வந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. தினமும் பாடிய ஸ்பீக்கர் ஐம்பது வருஷம் தாண்டி நன்றாக இருப்பதுண்டு. அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் பரணில் வைத்த ஜோடி, திறந்து பார்த்தால் தூளாகக் கிடப்பதும் உண்டு. கேட்க வேண்டியது வேறு: கோனை, அதாவது முன்னும் பின்னும் அதிர்ந்து ஒலி எழுப்புகிற புனல் வடிவப் பாகத்தைச் சுற்றியிருக்கிற வளையம் எதில் செய்தது?

கோனின் வெளி ஓரத்தையும் இரும்புச் சட்டத்தையும் சேர்க்கிற வளையம் அது. எட்ஜ் என்றும் சரவுண்ட் என்றும் சொல்வார்கள். கோன் முன்னும் பின்னும் போய்வர அது விட்டுக்கொடுக்கவும் வேண்டும். காந்த இடுக்கின் நடுவிலிருந்து காயில் (கோனோடு ஒட்டிய கம்பிச்சுருள்) விலகாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். ஃபெரைட் காந்தம் நமக்குப் பிறகும் இருக்கும். காகிதக் கோன் நனையாமல், எலி கடிக்காமல் இருந்தால் ஒரு தலைமுறையைத் தாண்டும். வீட்டு ஸ்பீக்கரில் முதலில் போவது பெரும்பாலும் இந்த வளையம்தான்.

ஃபோமிலிருந்து தொடங்கலாம். கெட்ட பெயர் முழுக்க அதற்குத்தான். 1970களிலிருந்து 90கள் வரை வந்த வீட்டு ஸ்பீக்கர்களில் ஏராளமானவற்றில் இருந்தது பாலியூரித்தேன் ஃபோம். எடை குறைவு, மலிவு, கோனின் ஓரத்துக்கு ஓடிவரும் அதிர்வை நன்றாக உறிஞ்சும், பேஸுக்குத் தாராளமாக வளையும். பொறியாளர்கள் ஒன்றும் தெரியாமல் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிக்கல் வேதியியலில் இருந்தது. பாலியெஸ்டர் வகை ஃபோமை காற்றின் ஈரம் உடைக்கிறது. நீர் மூலக்கூறு அதன் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். பாலியீத்தர் வகை ஈரத்தைத் தாங்கும், ஆனால் வெளிச்சத்துக்கும் ஆக்ஸிஜனுக்கும் இளைத்துப்போகும். இரண்டுமே நீங்கள் பாட்டு கேட்டாலும் கேட்காவிட்டாலும் நடக்கிற வேலை. பரணில் இருந்த ஜோடி தூளானது இதனால்தான். பொதுவாக 10 முதல் 20 வருஷம் என்பார்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இந்தக் கணக்கின் கீழ்ப்பாதியை நம்புவது நல்லது.

ரப்பர் வேறு மாதிரி. பியூட்டைல், நைட்ரைல் என்று பல வகை உண்டு. 25, 30 வருஷம் சாதாரணமாக ஓடும், அதற்கு மேலும் போகும். பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரில் கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபர் (பேஸை எழுப்புகிற ஸ்பீக்கர்) நியோபிரீன் ரப்பர் வளையத்தோடு வந்தது. அந்தக் காலத்து ஜோடிகள் பல இன்னும் அதே வளையத்தோடு பாடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ரப்பருக்கு வயதாவது வெளியே தெரியாது. உள்ளேயிருக்கிற மென்மையாக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போகப் போக வளையம் விறைக்கும். விறைத்தால் வூஃபரின் ஒத்ததிர்வு மேலே ஏறும், பேஸின் அடிப்பகுதி மெலியும். வருஷத்துக்கு இத்தனூண்டு என்று போவதால் காது அதற்குப் பழகிக்கொள்கிறது. "அப்பாவோட செட் இன்னும் புதுசு மாதிரியே இருக்கு" என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் புதுசு அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான். சில ரப்பர் இதற்கு நேர்மாறாகப் பிசுபிசுக்கும். அதைக் கண்டு பயந்து தேங்காய் எண்ணெயோ டயர் பாலிஷோ தடவுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதும், ஒட்டுப்பசை இளகும், இன்னும் சில வருஷம் இருந்திருக்க வேண்டியது சில மாதத்தில் போகும்.

துணியும், கோனின் காகிதத்தையே மடித்து மடித்து விளிம்பாக்கிய வகையும் ஆயுளில் மற்ற இரண்டையும் விட்டு வெகுதூரம் முன்னே நிற்பவை. கிடார் ஆம்புகளில் வருகிற செலஸ்டியன், ஜென்சன் ஸ்பீக்கர்கள், மேடைக் கச்சேரிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்குப் போகிற பெரிய பெட்டிகள் எல்லாம் இந்த ஜாதி. வெயிலில் நின்று, லாரியில் குலுங்கி, மழைக்குத் தார்ப்பாய் மூடிக் கிடந்தும் விளிம்பு அசையாது. அவை விளிம்பால் சாவதில்லை. காயில் எரிந்து சாகின்றன. ஆம்பைத் திறனுக்கு மேல் முறுக்கினால் ஒலியலையின் தலை வெட்டுப்படும், அந்தச் சூட்டில் காயில் கருகும். கிழவனாகிச் சாவதற்கு அவற்றுக்கு வாய்ப்பே கொடுப்பதில்லை நாம். துணி, காகித விளிம்புகளுக்கு இன்னொரு விலையும் உண்டு: விறைப்பு அதிகம், ஒரே அளவுப் பெட்டியில் ஆழமான பேஸ் ஃபோமைப் போல எளிதில் வராது. வீட்டு ஹாலில் சின்னப் பெட்டிக்குள் அடங்கிய பேஸ் வேண்டும் என்றுதான் உலகம் ஃபோமுக்குப் போனது.

துணியையும் ஃபோமையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க ஒரே மாடலில் இரண்டு பொருளும் மாறி வந்திருந்தால் வசதி. அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள்.

முதலாவது போஸ் 901. 1968-இல் வந்தது, 2016 வரை விற்றது. ஒரு பெட்டிக்குள் ஒன்பது சின்ன ட்ரைவர்கள் (தனித்தனிக் கோனும் காயிலும் உள்ள ஒலிப்பான்கள்), எட்டு பின்சுவரைப் பார்த்து, ஒன்று நம்மைப் பார்த்து. முதல் இரண்டு தொடர்களில் விளிம்பு துணி. மூன்றாம் தொடரிலிருந்து ஃபோம். இன்று சந்தையில் வருகிறவற்றில் வயதில் மூத்த துணிக்காரர்கள் நேராக வேலை செய்வதும், பின்னால் வந்த ஃபோம்காரர்கள் உள்ளே உதிர்ந்து கிடப்பதும் சாதாரணம். ஜோடிக்குப் பதினெட்டு வளையம் மாற்ற வேண்டும். பொறுமை இருக்கிறவருக்கு நல்ல ஞாயிற்றுக்கிழமை வேலை. கூலி கொடுத்துச் செய்தால் ஸ்பீக்கர் விலையை வேலை தாண்டிவிடும். இதில் வெற்றி சந்தேகமில்லாமல் துணிக்கு.

இரண்டாவது, எட்கர் வில்ச்சரின் அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்திலிருந்து 1967-இல் வந்த ஏஆர்-3ஏ. இங்கே கதை அவ்வளவு நேராக இல்லை, எனக்கு இதுதான் அதிகம் பிடித்த ஒப்பீடு. தொடக்கத்தில் வந்த வூஃபர்களில் துணி விளிம்பு, அப்புறம் ஃபோம். காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி அது. உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக நின்று கோனைத் திருப்பித் தள்ளும். வளையத்தின் விறைப்புக்கு அங்கே இரண்டாம் இடம்தான். ஆகவே ஃபோம் தூளானாலும் ஏறக்குறைய அதே அளவு புது வளையம் ஒட்டினால் ஒலி பழையபடி வந்துவிடுகிறது. துணிக்காரருக்கு வருகிற நோய் மறைவானது. துணியின் மேல் பூசிய பசை காய்ந்து நுண்ணிய ஓட்டைகள் விழுந்தால், கண்ணுக்கு முழுசாகத் தெரிகிற விளிம்பு வழியே காற்று கசியும், பேஸ் சோர்ந்துபோகும். ஐம்பது வருஷ உழைப்பாளி என்று துணியைக் கும்பிட்டுவிட்டு அப்படியே வாங்குகிறவர், உண்மையில் மறுபூச்சுக்குக் காத்திருக்கிற வூஃபரை வாங்குகிறார்.

இதை வைத்துத்தான் ஆயுளை மட்டும் வரிசைப்படுத்துவது போதாது என்கிறேன். எவ்வளவு காலம் உழைக்கும் என்பதோடு, கெடும்போது சொல்லிவிட்டுக் கெடுமா, கெட்டதை மாற்ற முடியுமா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபோம் சீக்கிரம் சாகும், ஆனால் பட்டவர்த்தனமாகச் சாகும்: விரலால் தொட்டால் பிசைந்த மாவு மாதிரி ஒட்டும், இல்லையென்றால் உதிரும். மாற்று வளையம் எல்லா அளவிலும் கிடைக்கிறது. ரப்பர் நீண்ட நாள் இருக்கும், ஆனால் எப்போது தளர்ந்தது என்று சொல்லாது. சில மாடல்களுக்குச் சரியான அளவு ரப்பர் கிடைப்பதும் கஷ்டம்.

வளையம் மாற்றுவது பற்றிக் கொஞ்சம். கிழிந்த ஃபோமோடு ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் பெரிய கேடு. நடுவில் பிடிக்க ஆளில்லாத காயில் சாய்ந்து காந்தத் தூணில் உரசும். வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய செலவு காயில் வரை போகும். மாற்றும்போது பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டுவதில்தான் பாதி வேலை. காகிதக் கோனுக்கு வெள்ளைப் பசை வகை போதும், பாலிப்ரொப்பிலீன் கோனில் அது பிடிக்காது, அதற்கென்று உள்ள பசை வேண்டும். காயிலை நடுவில் நிறுத்த இரண்டு வழி: நடுவிலிருக்கிற தூசி மூடியை வெட்டி எடுத்து, காயிலுக்கும் தூணுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகிவிட்டு ஒட்டுவது, அல்லது 20, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, உரசல் கேட்காத இடத்தில் விளிம்பை உட்காரவைப்பது. முதல் வழி நிதானமானது, நான் அதன் பக்கம். சில கடைகளில் "ஃபோம் எதுக்கு, ரப்பரே போட்டுத் தர்றேன், ஆயுசுக்கும் வரும்" என்பார்கள். அடைத்த பெட்டி என்றால் ஓரளவு தப்பிக்கலாம். பின்னால் குழாய் வைத்த பெட்டி என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வளையத்தின் எடையும் விறைப்பும் மாறினால் குழாயின் சுருதியோடு வூஃபர் சேராது, பேஸ் ஒரே இடத்தில் குமுறும்.

வளையத்துக்கு அப்புறம் வயதாகிறவை கண்ணில் படாதவை. பல ட்வீட்டர்களில் (மேல் ஸ்வரங்களை ஒலிக்கிற சின்ன ட்ரைவர்களில்) காயிலின் சூட்டைக் கடத்தக் காந்தத் திரவம் ஊற்றியிருக்கும். 1960களில் நாசாவில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்க முடியுமா என்று பார்க்கப்போய்ப் பிறந்த சரக்கு அது. வருஷங்கள் போனால் கெட்டியாகிக் காயிலை இறுக்கும், மேல் ஸ்வரங்கள் மங்கும். கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றினால் தீர்ந்தது. கிராஸோவரில் (பேஸையும் மேல் ஸ்வரங்களையும் பிரித்து அனுப்புகிற சுற்றில்) இருக்கிற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் 20, 30 வருஷத்தில் காயும், ட்வீட்டருக்குப் போகிற சிக்னல் குறையும். ஃபிலிம் வகை என்றால் அந்தக் கவலை அநேகமாக இல்லை. ஏஆர்-3ஏ-யின் பின்பக்கத்தில் இரண்டு அளவுக் குமிழ்கள் உண்டு. அவை உள்ளே களிம்பேறி ட்வீட்டர் ஊமையாகும். ட்வீட்டரே போய்விட்டது என்று நினைத்து நல்லதைக் கழற்றி எறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

உதிரி கிடைக்காவிட்டால் இதெல்லாம் வீண். யமஹா என்எஸ்-10, உலகத்து ஸ்டுடியோக்களில் பாதியில் நின்ற அந்த வெள்ளைக் கோன் ஸ்பீக்கர், 2001-இல் நிறுத்தப்பட்டது. கோனுக்கு வேண்டிய மரக்கூழ் கிடைக்கவில்லை என்பதே நிறுவனம் சொன்ன காரணம்.

இப்போது விற்கிற சரக்கோடு ஒப்பிட்டால்தான் பழைய ஃபோமின் மதிப்பு தெரியும். ப்ளூடூத் ஸ்பீக்கரின் விளிம்பு பெரும்பாலும் ரப்பர், அதற்கு 30 வருஷம்கூட வரும். ஆனால் உள்ளே இருக்கிற லித்தியம் பேட்டரி சில நூறு தடவை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கியதும் தளர்ந்துவிடும், நம் ஊர் வெயில் அதை இன்னும் அவசரப்படுத்தும். பெட்டியையோ ஒட்டி மூடியிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரி விதிப்படி 2027 பிப்ரவரி முதல் இத்தகைய கருவிகளில் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். அந்த வடிவங்கள் இங்கேயும் வந்தால் நல்லது.

ஆம்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிற ஆக்டிவ் ஸ்பீக்கர்கள் இடைப்பட்டவை. அவற்றின் மின்சப்ளையில் உள்ள கெப்பாசிட்டருக்கு 105 டிகிரி சூட்டில் 2,000 மணிநேரம் என்று போட்டிருந்தால், ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் கட்டைவிரல் கணக்கு. பெட்டிக்குள் 55 டிகிரி இருந்தால் 64,000 மணிநேரம். ஸ்விட்சை அணைக்காமல் இரவும் பகலும் விட்டால் ஏழு வருஷத்துக்குச் சற்று மேல். 45 டிகிரியில் வைத்திருந்தால் பதினாலு. சுவரோடு ஒட்டிவைக்காமல் காற்று விட்டு, இரவில் ஸ்விட்சை அணைத்தாலே பல வருஷம் கூடும். சாதாரண ஸ்பீக்கருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஆம்ப் போனால் வேறு ஆம்ப்.

ஒரே விலையில் மூன்று பழைய ஜோடிகள் முன்னால் இருந்தால் என் வரிசை இது: வளையம் புதிதாக மாற்றிய, நல்ல மாடல் ஃபோம் ஜோடி முதலில், மென்மை குறையாத ரப்பர் அடுத்து, துணி, அடைத்த பெட்டியாக இருந்தால் பூச்சைச் சோதித்த பிறகு மட்டும். மாற்றாத ஃபோமுக்கு நல்ல ஃபோமின் விலை கேட்டால் எழுந்து வந்துவிடுவேன். சென்னையில் கடல் பக்கம் குடியிருந்து, கையில் ஸ்க்ரூட்ரைவர் எடுக்க விருப்பமே இல்லாதவருக்கு வரிசை மாறும்: நேராக ரப்பர்.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள் மூன்று. ஸ்பீக்கரின் முன்பக்க வலையைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மறுத்தால் பேச்சு முடிந்தது. விரல்களைக் கோனைச் சுற்றிச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். சரசரவென்று உரசினால் காயில் சாய்ந்திருக்கிறது. அடைத்த பெட்டியில் நல்ல கோன் விட்டவுடன் துள்ளாது, மெதுவாகத் திரும்பும். சட்டென்று துள்ளினால் எங்கேயோ காற்று கசிகிறது. கடைசியாக, ஆம்பில் மோனோ போட்டு (இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்படி), நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, பேலன்ஸை இடமும் வலமும் திருப்பிக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜால்ரா சத்தம் மங்கினால் அது ட்வீட்டராகவோ கெப்பாசிட்டராகவோ இருக்கலாம். அதற்கான செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.