ஒரு கோலின்ஸ்கி பிரஷ்ஷோடு நாலு வருடம்

2020 ஊரடங்கில் 1/72 அளவு விமான மாடல்கள் செய்யத் தொடங்கினேன். முதல் பிரஷ் மூன்றே மாதத்தில் துடைப்பமாக விரிந்துபோனது. மதுரைப் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதும் ஒரு அண்ணனிடம் அதைக் காட்டினேன். "டம்ளர்ல நட்டமா நிக்க வச்சியாக்கும்? கழுவிப் படுக்கப் போடு தம்பி, இல்லாட்டி நுனி போயிரும்" என்றார். அடுத்து வாங்கிய 1ஆம் நம்பர் கோலின்ஸ்கி, அதாவது சைபீரிய வீசல் என்ற கீரி போன்ற விலங்கின் வால்முடியில் செய்தது, நாலு வருடமாக என் கையில் இருக்கிறது.

பிரஷ்ஷின் உயிர் முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குழலில்தான். அதற்குள் அக்ரிலிக் ஏறிக் காய்ந்தால் ஆப்பு அடித்தாற்போல் முடிகளைப் பிரித்துவிடும்; அப்புறம் நுனி சேராது. அதனால் பாதி முடிக்கு மேல் பெயின்ட் ஏற விடுவதில்லை. சித்திரை வெயிலில் ஃபேன் காற்றுக்கு பெயின்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும். அந்த மாதங்களில் நாலைந்து தீற்றலுக்கு ஒருமுறை அலசுகிறேன்.

இங்கே தண்ணீரும் ஒரு பிரச்சினை. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, திரிந்து வெள்ளையாக முடியில் ஒட்டும். ஒரு வருடம் அதைப் பெயின்ட் என்றே நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கேன் தண்ணீருக்கு மாறிய பிறகுதான் முடி மிருதுவானது. ஒரு டம்ளர் போதும்.

வட்ட டப்பாவில் வரும் மாஸ்டர்ஸ் என்ற பிரஷ் கழுவும் சோப்பைத்தான் பயன்படுத்துகிறேன். பிரஷ்ஷை ஈரமாக்கி சோப்பில் சுழற்றி, உள்ளங்கையில் மெதுவாக வட்டமிட வேண்டும். சுத்தமாகிவிட்டது என்று நினைக்கும்போதுதான் அடிமுடியிலிருந்து மிச்சப் பெயின்ட்டோடு பச்சை நுரை கசியும். நுரை வெள்ளையாகும்வரை விடாதீர்கள். பிறகு அலசி, கொஞ்சம் சோப்பை விரலில் தொட்டு நுனியைக் கூராக்கிப் படுக்க வைக்கிறேன். மறுநாள் தீட்டும் முன் அலசினால் சரி.

சிந்தெடிக் பிரஷ்ஷின் நுனி கொக்கியாக வளைந்தால் சில விநாடி சுடுதண்ணீரில் முக்கினால் நிமிரும், ஆனால் திரும்ப வளையும். கோலின்ஸ்கிக்கு சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம், குழலுக்குள் இருக்கும் பசை இளகிவிடும். டிரைபிரஷ்ஷிங்குக்கும், அதாவது பெயின்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் உரசித் தீட்டுவதற்கும், கோலின்ஸ்கியைத் தொடாதீர்கள். அந்த வேலைக்கு என் பழைய துடைப்பமே இன்னும் உழைக்கிறது.

கோலின்ஸ்கியின் கட்டையில் பாலிஷ் உரிந்து மரம் தெரிகிறது. நுனி மட்டும் இன்றைக்கும் விமானியின் ஹெல்மெட் பட்டையை ஒரே இழுப்பில் போட்டுவிடுகிறது.