நேரத்தைப் பல வடிவில் காட்ட போஸ்ட்கிரெஸ் வியூ: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

டேட்டாபேஸில் இருப்பது ஒரே நேரம்தான். ஆனால் கணக்குப் பிரிவுக்கு நாள் மட்டும் போதும், ரசீதுக்கு 12 மணி நேரக் கணக்கு வேண்டும், ஆடிட்டருக்கு நொடி வரை வேண்டும். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் டு_சார் (நேரத்தை வேண்டிய வடிவில் எழுத்தாக்கும் ஃபங்ஷன்) எழுதுவதைவிட, ஒரே வியூவில் (பெயரிட்டுச் சேமித்த வினவலில்) எழுதி வைப்பது மேல். போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) என்ற டேட்டாபேஸ் இந்த வேலையை அருமையாகச் செய்கிறது, நேர மண்டலத்தை நீங்கள் தெளிவாகச் சொன்னால்.

‘டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்’ என்ற தரவு வகையின் பெயரை நம்பிவிடாதீர்கள். அது 8 பைட்டில் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை மட்டுமே வைத்திருக்கும். எந்த மண்டலத்தில் பதிந்தது என்பது அதில் இருக்காது. காட்டும்போது அவரவர் செஷனின் (டேட்டாபேஸ் இணைப்பின்) மண்டலத்துக்கு மாற்றும். வியூவில் வெறும் டு_சார் போட்டால், ஒரே பில் யூடிசியில் இருப்பவருக்கு 31-03-2024 18:45 என்றும், இந்திய நேரத்தில் இருப்பவருக்கு 01-04-2024 00:15 என்றும் தெரியும். நிதியாண்டே மாறிப்போகும்! வியூவுக்குள்ளேயே அட் டைம் ஸோன் 'ஏசியா/கொல்கத்தா' என்று முழுப் பெயரை எழுதுங்கள்.

சோம்பல்பட்டு 'ஐஎஸ்டி' என்று எழுதினால், யூடிசியில் ஓடும் சர்வரின் இயல்பான அமைப்பில் அது இஸ்ரேல் நேரம். அதே பில் 20:45 என்று வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. 'யூடிசி+5:30' இன்னும் மோசம். போசிக்ஸ் என்ற கணினித் தர முறையில் கூட்டல் குறி மேற்கைக் குறிப்பதால் ஐந்தரை மணி நேரம் கழிக்கப்பட்டு 13:15 ஆகும்.

வடிவக் குறிகளில் எம்எம் மாதம், எம்ஐ நிமிடம். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஏப்ரல் முழுக்க எல்லா பில்லும் 04-ஆம் நிமிடத்தில் போட்டதாகக் காட்டும். மாதப் பெயர் 9 எழுத்து அகலத்துக்கு இடைவெளி சேர்த்து வரும். முன்னால் எஃப்எம் சேர்த்தால் போய்விடும்.

டு_சார் தருவது வெறும் எழுத்து. அதை வைத்து வரிசைப்படுத்தினால் 01-04-2024 என்பது 31-03-2024-க்கு முன்னால் வந்து நிற்கும். அதனால் மூல நேரத்தையும் வியூவில் ஒரு நெடுவரிசையாகக் கட்டாயம் வையுங்கள். வரிசையும் வடிகட்டலும் அதில்தான் நடக்க வேண்டும். வேகம் குறைகிறதே என்று டு_சார் மேல் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போடப் போனால், அந்த ஃபங்ஷன் இம்யூட்டபிள் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவது) அல்ல என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். கொல்கத்தா நேரத்துக்கு மாற்றி, அதை டேட் வகையாக்கி அதன்மேல் போடுங்கள், ஏற்கும். வியூவின் நாள் நெடுவரிசையிலும் அதே மாற்றத்தை அப்படியே எழுதினால்தான் அந்த இண்டெக்ஸ் பயன்படும்.

பின்னால் புது வடிவம் கேட்டு வந்தால் கடைசி நெடுவரிசையாகச் சேருங்கள். நடுவில் நுழைத்தாலோ வகையை மாற்றினாலோ ‘கிரியேட் ஆர் ரீப்ளேஸ் வியூ’ ஒப்புக்கொள்ளாது. வியூவை டிராப் செய்து (நீக்கி)தான் மறுபடி கட்ட வேண்டும், அதை நம்பியிருக்கும் மற்ற வியூக்களையும் சேர்த்து.