தரங்கம்பாடி: காதில் ஆடியோவா, கூட ஒரு வழிகாட்டியா?

தர்மபுரியிலிருந்து தரங்கம்பாடிக்குக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: ஊரைச் சுற்றிப் பார்க்க, இடங்களை விளக்கும் ஆடியோ பதிவு போதுமா, வழிகாட்டி ஒருவர் கூட வர வேண்டுமா? நான் இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

செலவு: ஆடியோவை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொண்டால் வழியில் டேட்டாகூடத் தேவையில்லை. வழிகாட்டிக்குப் பேசி முடித்த தொகை. ஐந்தாறு பேர் பகிர்ந்தால் பாரம் தெரியாது.

நிதானம்: இதில் ஆடியோதான் என் கட்சி. 1718-இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள், அவர் கல்லறை அருகே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவசரப்படுத்த யாருமில்லை. 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டையிலும் அப்படியே. ஒரே பகுதியை மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டேன்.

கேள்வி கேட்பது: இங்கே வழிகாட்டிக்கு ஈடில்லை. மாசிலாமணிநாதர் கோயில் முன்னால், கடலை எப்போதாவது பார்க்கும் எங்கள் அம்மா கேட்டார்: "கோயிலைப் போய் ஏன் இவ்வளவு கிட்டத்துல கட்டினாங்க?" அதற்கு எங்கள் வழிகாட்டியான அந்த ஊர்க்காரர், "கிட்டத்துல கட்டலைம்மா, கடல்தான் உள்ளே வந்துடுச்சு" என்று அலை மோதும் கற்களைக் காட்டினார். 1306-இல் எழுந்த பாண்டியர் கோயில் அது. அம்மா வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம், அங்கே அடிக்கும் காற்றில் இயர்போனில் பாதி வார்த்தை காதில் விழாது.

தனியாகவோ இருவராகவோ போனால் ஆடியோ போதும். பெரியவர்கள், பிள்ளைகள் உடன் வந்தால் வழிகாட்டியே சரி.