வேதியியல் ஆய்வேட்டை டிடிபி நிலையத்தில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வேதியியலில் ஆய்வேடு எழுதி முடித்து, அதை அச்சுக்கோத்துத் தரும்படி வெளியே கொடுக்கவிருக்கும் ஒவ்வொருவருக்காகவும் இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள ஒரு டிடிபி நிலையத்தில் 13,000 ரூபாய்க்கு வேலை பேசிக் கொடுத்தேன். கைக்கு வந்தவை 212 பக்கங்கள். அவற்றை அப்படியே சமர்ப்பித்திருந்தால் என் ஐந்து ஆண்டு உழைப்பு என் பெயராலேயே பொய்யாகியிருக்கும். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே வேலை நடந்த முறை மற்ற இடங்களிலும் நடக்கக்கூடியது என்பதால், அந்த முறையைத்தான் விளக்கமாகச் சொல்கிறேன்.

என் ஆய்வு, நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடை நீக்குவது பற்றியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சேகரித்தவள் நான். பல்லில் பழுப்புக் கறை ஏறிய பள்ளிக் குழந்தைகளை நேரில் பார்த்திருக்கிறேன். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய தர நிர்ணய அமைப்பின் வரையறை. ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் சேர்மத்தோடு கோபால்ட் ஃபெரைட்டைச் சேர்த்து, ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்ட பிறகு காந்தத்தால் நீரிலிருந்து இழுத்துவிடக்கூடிய தூள் ஒன்றைத் தயாரித்தோம். ஆகவே ஆய்வேட்டில் வாய்பாடோ அயனியோ சமன்பாடோ இல்லாத பக்கம் குறைவு.

கடைக்காரரிடம் இதையெல்லாம் முதலிலேயே சொன்னேன். வேர்டு கோப்பையும், வாய்பாடுகளை எல்லாம் பென்சிலால் திருத்திக் குறித்த அச்சுப்படியையும் கொடுத்தேன். "எல்லாத்தையும் லேடெக்ல புதுசா அடிச்சுத் தர்றோம் மேடம், ஃபார்முலா ஒண்ணுகூட நகராது" என்று சொல்லி, கணினியில் ஒரு மாதிரி ஆய்வேட்டையும் திறந்து காட்டினார். அது உண்மையிலேயே அழகாக இருந்தது. (லேடெக் என்பது, கட்டளைகளைத் தட்டி வாய்பாடுகளையும் சமன்பாடுகளையும் அச்சுக்கோக்க உதவும் மென்பொருள்.) சாதாரணப் பக்கத்துக்கு 30 ரூபாய், வாய்பாடு உள்ள பக்கத்துக்கு 80 ரூபாய் என்று பேசி, 8,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். பத்து நாள் கழித்து முதல் அத்தியாயத்தை மட்டும் பிழைதிருத்தப் படியாகக் காட்டினார்கள். முன்னுரை அத்தியாயத்தில் வாய்பாடுகளே இல்லை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் முழுக் கட்டும் வந்தது, மீதி 5,000 ரூபாயையும் கொடுத்தேன்.

அன்றிரவு மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்தபோது முதலில் கண்ணில் பட்டது தூளின் துகள் அளவு. 75 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலித்த தூள் அது. விரல்களுக்கிடையே தேய்த்தால் முகப்பவுடர்போல வழுக்கும். அச்சில் அது 75 மில்லிமீட்டர் என்று இருந்தது, அதாவது எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய உருண்டை. ஒரு தட்டச்சுப் பிழை என்று நினைத்து அடுத்த பக்கம் போனேன். ஃபுளோரைடு மின்முனையின் கண்டறி வரம்பை லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தேன். அதுவும் 20 மில்லிகிராம் ஆகியிருந்தது. இருபது மில்லிகிராமுக்குக் கீழே அளக்கவே முடியாத கருவியை வைத்துக்கொண்டு ஒன்றரை மில்லிகிராம் வரம்பைப் பற்றி 200 பக்கம் எழுதியவள் என்றுதான் புறத்தேர்வாளர் என்னை நினைத்திருப்பார். ஆய்வேடு முழுவதிலும் மைக்ரோ என்ற குறி ஓரிடத்தில்கூட இல்லை. எல்லா இடத்திலும் மில்லி.

ஏன் இப்படி ஆனது என்பதைப் பிறகு ஆய்வகத் தோழி ஒருவர்தான் விளக்கினார். எங்கள் ஆய்வகக் கணினியில் கிரேக்க எழுத்துகளைச் 'சிம்பல்' என்ற எழுத்துருவில் தட்டுவதே வழக்கம். அந்த எழுத்துருவில் ஆங்கில 'எம்' விசையைத் தட்டினால் திரையில் மைக்ரோவின் குறியான 'மியூ' தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது 'எம்' தான். எழுத்துருவை மாற்றிய கணமே 'மியூ' மறைந்து, மில்லியின் குறியான 'எம்' வெளியே வந்துவிடும். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கட்டுரையை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே குப்பையாகத் தெரிவதால் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். இங்கே மைக்ரோவுக்குப் பதிலாக வருவது மில்லி என்ற இன்னொரு சரியான அலகு. வாக்கியம் வாக்கியமாகவே நிற்கிறது, பொருள் மட்டும் ஆயிரம் மடங்கு தள்ளிப்போகிறது. இதைவிட ஆபத்தான பிழை அறிவியல் எழுத்தில் இருக்க முடியாது என்பது என் கருத்து.

மற்ற குறிகளுக்கும் இதே கதிதான். எழுத்துருவில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் இட எண் உண்டு. சிம்பல் எழுத்துருவில் 174-ஆம் இடத்தில் இருப்பது வலப்புற அம்பு. சாதாரண எழுத்துருவில் அதே இடத்தில் இருப்பது, வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்து போட்ட பதிவு வணிகக் குறி. ஆகவே என் வினைகளின் அம்புகள் எல்லாம் சோப்பு உறையில் இருக்கும் வணிகக் குறிகளாக நின்றன. 215-ஆம் இடத்தில் அங்கே நடுப்புள்ளி, இங்கே பெருக்கல் குறி. நான்கு நீர் மூலக்கூறுகளோடு படிகமாகும் கால்சியம் நைட்ரேட்டின் வாய்பாட்டில் உப்பையும் நீரையும் சேர்த்து நிறுத்துவது அந்த நடுப்புள்ளிதான். அது பெருக்கல் குறியாகி, உப்பை நீரால் பெருக்கச் சொல்வதுபோல ஆகிவிட்டது. வெப்ப மாற்றத்தைக் குறிக்கும் 'டெல்டா' முக்கோணம் 'டி' என்ற எழுத்தாகியிருந்தது. தூய்மை 98 விழுக்காட்டுக்குக் குறையாதது என்பதைக் காட்டும் குறி, மேலே ஏறிய ஒரு சிறிய 3 ஆகியிருந்தது.

அத்தியாயத் தலைப்பில் நடந்தது வேறு. எங்கள் விதிமுறைப்படி தலைப்புகள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கடையில் தலைப்பைத் தேர்ந்தெடுத்து, எல்லாம் பெரிய எழுத்து என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். கோபால்ட்டின் குறியீட்டில் இரண்டாம் எழுத்து சிறியது. அதைப் பெரிதாக்கினால் கார்பனும் ஆக்சிஜனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். நான்காம் அத்தியாயத்தின் தலைப்பிலும், பொருளடக்கத்திலும், அந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு பக்கத்து மேல்வரியிலும் என் காந்தத் தூள் ஒரு நச்சுவாயுவின் பெயரைத் தாங்கி நின்றது.

மறுநாள் போய்க் காட்டினேன். கடைக்காரர் பதறவில்லை. "அம்புக்குறி தானே மேடம், ஒரே நிமிஷம்" என்று சொல்லி, எல்லா வணிகக் குறிகளையும் தேடி மாற்றும் கட்டளையால் ஒரேயடியாக ↔ என்ற இருமுனை அம்பாக மாற்றிக் கொடுத்தார். இதுதான் என்னை மிகவும் வருத்தியது. ஒரு பக்க வினைக்கு → என்றும், இரு திசையிலும் நடந்து சமநிலையில் நிற்கும் வினைக்கு ⇌ என்றும் எழுதுகிறோம். ஒரே கோட்டில் இருபுறமும் முனையுள்ள ↔ வினையையே குறிப்பதில்லை. ஒரே மூலக்கூறின் உடனிசைவு வடிவங்களுக்கிடையே, அதாவது எலக்ட்ரான்களை மட்டும் இடம் மாற்றி எழுதிக் காட்டும் வடிவங்களுக்கிடையே, போடுவது அது. வேதிவினைச் சமன்பாட்டில் இரு திசை அம்புகளை 1884-இல் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் கொண்டுவந்ததே, மீள்வினை என்ற கருத்தைக் கண்ணால் பார்க்கும்படி எழுதுவதற்காகத்தான். என் ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் அந்தக் குறியின் மேல்தான் நிற்கிறது. அபடைட்டிலுள்ள ஹைட்ராக்சைடு வெளியேறி ஃபுளோரைடு உள்ளே அமர்கிறது. பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கழுவினால் சமநிலை பின்னோக்கி நகர்ந்து ஃபுளோரைடு வெளியேறுகிறது, அதே தூளை மீண்டும் பயன்படுத்தலாம். கிராமத்தில் ஒரு குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகுமா என்பதைத் தீர்மானிப்பதே இந்த மீள்தன்மைதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனிமங்களின் குறியீடுகள் நிமிர்ந்த எழுத்திலும், மாறிகள் சாய்ந்த எழுத்திலும் இருக்க வேண்டும் என்பது ஐயுபேக் என்ற பன்னாட்டு வேதியியல் அமைப்பின் வழிகாட்டுதல். இங்கே பாதி வாய்பாடுகள் சாய்ந்தும் மீதி நிமிர்ந்தும் இருந்தன. அயனிகளின் மின்சுமை பல இடங்களில் கீழே இறங்கிக் கழித்தல் குறி வெறும் இணைப்புக்கோடாகியிருந்தது. கட்டில்லா ஆற்றல் மாற்றம் எதிர்க்குறி உடையது, ஆகவே பரப்புக்கவர்ச்சி, அதாவது தூளின் மேற்பரப்பில் ஃபுளோரைடு ஒட்டிக்கொள்வது, தன்னிச்சையாக நடக்கிறது என்று நான் எழுதிய இடத்தில், இணைப்புக்கோடு வரியின் கடைசியிலும் எண் அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுந்திருந்தன. படிப்பவர் அதைச் சொல் முறிந்த கோடு என்று எடுத்துக்கொண்டு எண்ணை நேர்க்குறியாகவே வாசிப்பார். நீளமான சமன்பாடுகளை அச்சுப்படியிலிருந்து படமெடுத்து ஒட்டியிருந்தார்கள். என் பென்சில் குறியின் நிழல்கூட அதில் தெரிந்தது.

லேடெக்கில் அடித்த கோப்பு இப்படி இருக்காது என்று சொன்னபோதுதான் அவர் குரல் உயர்ந்தது. "தப்பெல்லாம் உங்க ஃபைல்ல இருக்கு மேடம், நாங்க ஒரு எழுத்தைக்கூடத் தொடலை" என்றார். எல்லாவற்றையும் புதிதாக அடித்ததற்காகத்தான் பக்கத்துக்கு 80 ரூபாய் வாங்கினார் என்பதை அவர் அப்போது நினைவில் வைத்திருக்கவில்லை. மூலக்கோப்பைக் கேட்டேன், அது கடையின் சொத்து, தர முடியாது என்றார். வீட்டுக்கு வந்து அவர் கொடுத்த பிடிஎஃப் கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தேன். எந்த மென்பொருளில் உருவாக்கப்பட்டது என்ற வரியில் பேஜ்மேக்கர் 7.0 என்று இருந்தது. 2001-இல் வெளிவந்த, பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு அது. திருமணப் பத்திரிகையும் கோயில் மலரும் அடிக்க நல்ல மென்பொருள்தான். என் வேர்டு கோப்பை அதில் கொட்டி, மொத்தமாக ஓர் எழுத்துருவைப் போட்டதுதான் நடந்த வேலை. லேடெக்கில் உருவான கோப்பாக இருந்தால் அந்த இடத்தில் பெரும்பாலும், லேடெக்குக்கு அடிப்படையான டெக் என்ற மென்பொருளின் பெயர் ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். இந்த ஒரு வரியைப் பார்க்க அரை நிமிடம் போதும். பணம் கொடுக்கும் முன் நான் பார்க்கவில்லை, நீங்கள் பாருங்கள்.

நெறியாளர் ஒரு மாத அவகாசத்துக்குக் கையெழுத்திட்டார். அதே தோழியின் உதவியோடு நானே லேடெக் கற்று அடித்தேன். வேதி வாய்பாடுகளுக்கென்றே மார்ட்டின் ஹென்சல் எழுதிய 'எம்எச்கெம்' என்ற தொகுப்பு இருக்கிறது, இலவசம். அதன் கட்டளைக்குள் வாய்பாட்டை ஒரே வரியில் அப்படியே தட்டினால், எழுத்துக்குப் பின் வரும் எண் தானாகக் கீழிறங்குகிறது. முன்னால் வரும் எண், எத்தனை மூலக்கூறுகள் என்று காட்டும் வினைக்கெழுவாக முழு அளவில் நிற்கிறது. தனிமக் குறியீடுகள் தாமே நிமிர்ந்து நிற்கின்றன. கோட்டையும் 'பெரிது' என்ற குறியையும் அடுத்தடுத்துத் தட்டினால் → கிடைக்கிறது. 'சிறிது', 'சமம்', 'பெரிது' என்று மூன்றையும் தட்டினால் ⇌ கிடைக்கிறது. தட்டுவதிலேயே இரண்டும் வேறு என்பதால் ஒன்று மற்றொன்றாக மாற வழியில்லை. அலகுகளுக்கு 'எஸ்ஐயுனிட்எக்ஸ்' என்ற தொகுப்பு. மைக்ரோ என்று சொல்லாகவே தட்ட வேண்டும் என்பதால் அது மில்லியாகவும் முடியாது. முதல் நான்கு நாள் கடினமாக இருந்தது. மொத்தம் பத்தொன்பது நாளில் முடித்தேன்.

வெளியில்தான் கொடுக்க வேண்டும் என்றால், முன்பணத்துக்கு முன் ஒரே ஒரு பக்கத்தை அடித்துத் தரச் சொல்லுங்கள். அதில் மயில்துத்தத்தின் வாய்பாடு ஐந்து நீர் மூலக்கூறுகளோடு இருக்கட்டும்; இரட்டை எதிர் மின்சுமையோடு சல்பேட் அயனி இருக்கட்டும்; ஒரு சமநிலை வினை, மைக்ரோ அலகில் ஓர் அளவு, பெரிய எழுத்துத் தலைப்புக்குள் கோபால்ட் ஆகியவையும் இருக்கட்டும். பிடிஎஃப் கோப்போடு மூலக்கோப்பையும் அப்போதே கேளுங்கள். நான் இதே பக்கத்தை, பிற்சேர்க்கைகளை அடிக்க வேண்டியிருந்தபோது வேறொரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். அங்கிருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு நிமிடம் பார்த்தார். "இது எனக்கு வராதும்மா, அட்டையும் பைண்டிங்கும் வேணா நல்லா பண்ணித் தரேன்" என்றார். பைண்டிங் முழுவதையும் அவரிடமே கொடுத்தேன்.

பழைய கடையிலிருந்து பணம் திரும்பவில்லை. நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாமா என்று வழக்கறிஞராக இருக்கும் உறவினர் ஒருவரிடம் கேட்டபோது, அவர் முதலில் ரசீதைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். லேடெக் என்றோ, புதிதாக அடிப்பது என்றோ, வாய்பாட்டுப் பக்கத்துக்குத் தனி விலை என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. "டிடிபி வேலை, 212 பக்கம்" என்று மட்டும் எழுதி, கீழே 13,000 என்று போட்டிருந்தது.