மூணு வருஷம் ஓட்டியாச்சு, இப்ப சொல்றேன்: என் அசெம்பிள்ட் டெஸ்க்டாப் ரிவ்யூ

2022 கடைசில சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு திரிஞ்சு வாங்கின சிஸ்டம் இது. மானிட்டர் இல்லாம நாப்பதாயிரத்துக்கு கொஞ்சம் கம்மியா வந்துச்சு. வீட்ல என் ஆபீஸ் வேலை, பொண்ணோட ஸ்கூல் ப்ராஜெக்ட், அப்பா ராத்திரி பூரா ஓட்டுற யூட்யூப், எல்லாம் இதுலதான்.

முதல்ல எஸ்எம்பிஎஸ்ஸ (கரண்ட மாத்தி எல்லா பார்ட்ஸுக்கும் பிரிச்சு குடுக்குற பெட்டி) பத்தி சொல்லிடுறேன், ஏன்னா கடைக்காரங்க கடைசிலதான் அத பத்தி பேசுவாங்க, சில பேர் பேசவே மாட்டாங்க. பழைய சிஸ்டம் வாங்கினப்ப ஒரு கடைல "கேபினெட்டோட எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ சார்"னு குடுத்தாங்க, நானும் பல்ல இளிச்சுக்கிட்டு வாங்கிட்டு வந்தேன். ஒரு மழை நாள்ல கரண்ட் போய் போய் வந்துச்சு, டப்புனு ஒரு சத்தம், அவ்ளோதான். திறந்து பாத்தா மதர்போர்டுல ரெண்டு கெபாசிட்டர் தலை பூரி மாதிரி உப்பி நிக்குது. ஹார்ட் டிஸ்க்கும் கூடவே போச்சு, பொண்ணுக்கு மொட்டை போட்ட ஃபோட்டோ மொத்தமும் அதுக்குள்ள. அதனால இந்த வாட்டி முதல்ல வாங்கினதே 450 வாட்ஸ் 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (கரண்ட அதிகம் வீணாக்காதுன்னு டெஸ்ட் பண்ணி குடுக்குற ரேட்டிங்) எஸ்எம்பிஎஸ்தான், கிட்டத்தட்ட மூவாயிரம். கைல தூக்கினாலே வித்தியாசம் தெரியும், அந்த ஃப்ரீ டப்பா காலி டிஃபன் பாக்ஸ் கணக்கா இருந்துச்சு.

ப்ராசஸர் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. 6 கோர், 12 த்ரெட், கிராஃபிக்ஸ் உள்ளயே இருக்கு, பாக்ஸ்லயே கூலரும் வருது. கேம் ஆடாத வீட்டுக்கு தனி கிராஃபிக்ஸ் கார்டு தண்டம். ஆனா பேர் நல்லா பாத்து வாங்குங்க, வெறும் 5600ல கிராஃபிக்ஸ் கிடையாது, இன்டெல்லயும் கடைசில எஃப் போட்டிருந்தா கிடையாது, விலை கம்மியா இருக்கேன்னு வாங்கிட்டு வந்து மாட்டினா மானிட்டர்ல ஒண்ணும் வராது.

ரேம் 16 ஜிபி, ஆனா ஒரே குச்சியா இல்ல, எட்டு எட்டா ரெண்டு. உள்ள இருக்குற கிராஃபிக்ஸுக்கு தனி மெமரி இல்ல, இந்த ரேம்லதான் பங்கு கேக்கும், ரெண்டு குச்சி இருந்தா டூயல் சேனல்ல, அதாவது ரெண்டு வழில ஒரே நேரத்துல, வேகமா ஓடும். கடைல "ஒண்ணு போதும் சார், அப்புறம் போட்டுக்கலாம்"பாங்க, கேக்காதீங்க. மதர்போர்டு பி550 சிப்செட், ரேமுக்கு நாலு ஸ்லாட் இருக்குறதா பாத்து எடுத்தேன், இன்னும் ரெண்டு காலியாதான் கெடக்கு. ரேம் இப்ப விக்கிற விலைக்கு அப்படியே கெடக்கட்டும்.

எஸ்எஸ்டி 500 ஜிபி, டபிள்யூடி ப்ளூ எஸ்என்570. அஞ்சு வருஷ வாரன்டி, மொத்தமா 300 டெராபைட் வரைக்கும் எழுதலாம்னு கம்பெனி சொல்லுது. விலை கம்மியா வர்ற க்யூஎல்சி (ஒரே செல்லுல நாலு பிட் அடைக்கிற மலிவு வகை) டிரைவ் சிலதுல இதே 500 ஜிபிக்கு 110 டெராபைட்தான். சும்மா பிரவுசிங்குக்கு அதுவும் ஓடும்தான், எனக்கு மனசு ஒப்பல. இத போர்டுல இறுக்குற ஸ்க்ரூ அரிசி சைஸ்ல இருக்கும், மாட்டி குடுத்த தம்பி கீழ போட்டுட்டு அரை மணி நேரம் டார்ச் அடிச்சு தேடினாரு!

கேபினெட்டுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு, முன்னாடி காத்து போக ஜாலி இருக்கணும், அவ்ளோதான். கண்ணாடி, கலர் லைட் எல்லாம் அவங்கவங்க இஷ்டம்.

"ஐ5 சிஸ்டம் பத்தாயிரம்"னு விளம்பரம் பாத்து போறவங்க எத்தனையாவது ஜெனரேஷன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பாதிக்கு மேல மூணாவது, நாலாவதா இருக்கும், விண்டோஸ் 11க்கு எட்டாவதுல இருந்துதான் கணக்கு, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சு போச்சு.

குறைன்னா, 5600ஜி போட்ட ஏஎம்4 சாக்கெட்டுக்கு (போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடம்) வயசாயிடுச்சு, 2016ல வந்தது. பெருசா அப்கிரேட் பண்ணணும்னா போர்டு, ரேம் எல்லாத்தையும் மாத்தணும். இன்னும் அஞ்சாறு வருஷம் இப்படியே ஓட்டுறதா இருந்ததால நான் கண்டுக்கல.

வீட்டுக்கு கொண்டு வந்த அன்னைக்கு கேபினெட்ட தொட்டா சுருக் சுருக்குனு ஷாக். பார்ட்ஸ் தப்போன்னு கடைக்காரர திட்டிட்டேன், கடைசில பாத்தா எங்க வீட்டு ப்ளக் பாயின்ட்ல எர்த்தே இல்ல. எலக்ட்ரீஷியன் ஐநூறு வாங்கிட்டு சரி பண்ணாரு, கடைக்காரருக்கு ஃபோன் போட்டு ஸாரியும் சொன்னேன்.