ரிங்டோன் போட்டுத் தர்றோம்னு சொன்னா உஷார், எனக்கு 88 வெள்ளி போச்சு

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 88 வெள்ளி. ரிங்டோனுக்கு!

எங்கப்பாவோட பழைய கேசட், சிடி எல்லாத்தையும் எம்பி3 ஆக்கி தம்ப் டிரைவ்ல வெச்சிருக்கேன், கோயில் திருவிழால அவரே ரெக்கார்ட் பண்ண நாதஸ்வரமும் அதுல இருக்கு. அம்மா கூப்டா ஒண்ணு, வீட்டுக்காரருக்கு ஒண்ணு, பையன் ஸ்கூலுக்கு ஒண்ணுன்னு என் ஐஃபோன்ல தனித்தனியா வைக்கணும்னு ஆசை. சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு சின்ன ஃபோன் கடை, பேர் சொல்லல. பத்து பாட்டு கட் பண்ணி ஏத்தித் தர 88 வெள்ளின்னாங்க. அதிகமா இருக்கேன்னு கிளம்பப் பாத்தேன், அதுக்குள்ள அந்த தம்பி நாதஸ்வரத்தை ஓட விட்டு மேசைல தாளம் போட்டுக்கிட்டே "இது மல்லாரிதானக்கா, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறது" அப்படின்னான். அவ்ளோதான், நம்ம புள்ளன்னு நெனச்சு அங்கயே பேநவ்ல காசு அனுப்பிட்டேன். ரிசீட் கேட்டா "வாட்ஸாப்ல அனுப்புறேன்க்கா". இன்னும் வரல.

அப்புறம் ஏதோ ஒரு ரிங்டோன் ஆப் இறக்கினான். "சைட் பட்டனை ரெண்டு தட்டு தட்டி மூஞ்சிய காட்டுங்கக்கா, ஃப்ரீதான் இது." ஃப்ரீயாம்! ட்ரையல் முடிஞ்சதும் வாராவாரம் கார்டுல காசு எடுக்குற சந்தா அது, மூஞ்சிய காட்டினா அதுக்கு சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி.

வீட்டுக்கு வந்து பாத்தா பத்துல மூணுதான் ஏறிருக்கு. அதுல மல்லாரி எப்டி தெரியுமா, ஃபைலோட மொத அரை நிமிஷத்தை அப்படியே வெட்டிருக்கான், யாரோ இருமுறாங்க, மைக் கொரகொரங்குது, ஒத்து ஊதுற சத்தம், நாதஸ்வரம் ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சுடுது. எம்ஆர்டி ரயில்ல போறப்ப அம்மா கூப்டா யாரோ இருமுற சத்தம் கேக்குது.

ஃபோன் போட்டா "பாஸ் வெளில போய்ட்டாரு". மறுபடி போட்டா "உங்க ஃபைல் பழசுக்கா". நேர்ல போனா மல்லாரி தம்பி என்னை பாத்தும் பாக்காத மாதிரி வேற ஆளுக்கு ஸ்க்ரீன் ப்ரொடெக்டர் ஒட்டிட்டு இருக்கான், கூட இருந்தவர் "சந்தா காசு ஆப் காரன் எடுக்குறது, எங்களுக்கு சம்பந்தம் இல்ல"ங்கறார். சரி, என் 88 வெள்ளி? அதுக்கு பதிலே இல்ல.

இதுல கொடுமை என்னன்னா, அந்த ஆப்பே கடைசில கராஜ்பேண்ட்ங்கற ஆப்பிளோட மியூசிக் ஆப்லதான் கொண்டு போய் விடுது. அது ஃப்ரீ! நம்ம எம்பி3ய அதுல போட்டு வேணுங்கற எடத்தை வெட்டி, ஷேர்ல ரிங்டோன்னு கொடுத்தா முடிஞ்சுது, 30 செகண்டுக்கு மேல போகாம பாத்துக்கணும், அவ்ளோதான். என் பையன் சோறு தின்னுக்கிட்டே பண்ணிக் காட்டினான். இதுக்கா 88 வெள்ளி!

விவரமா டிப்ஸ் எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், வேலைக்கு லேட்டாகுது. ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது, செட்டிங்ஸ்ல உங்க பேரை தட்டி சப்ஸ்கிரிப்ஷன்ல போய் கேன்சல் பண்ணுங்க. கடைக்காரன் சொன்னான்னு மூஞ்சிய காட்டாதீங்க. ரிசீட் இல்லாம காசு கொடுக்காதீங்க.

எந்த கடைன்னு இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துல போடப் போறேன், கட்டணம் 10 வெள்ளிதான். பேநவ் ஸ்க்ரீன்ஷாட் என்கிட்ட பத்திரமா இருக்கு.