வலது செருப்பு கழன்றதால் போன இடங்கள்: தேவகோட்டைப் பயணம்

அண்ணனின் சாந்திக் கல்யாணத்துக்காக (அறுபதாம் கல்யாணம்) மலேசியாவின் கிள்ளானிலிருந்து தேவகோட்டை வந்த இரண்டாம் நாள், ஊருணிப் பக்கம் நடந்து வந்தபோது ஆத்தாதான் கவனித்தது. "என்னப்பா, ஒத்தச் செருப்போட வர்ற?" திரும்பிப் பார்த்தால் வலது செருப்பு பத்தடி பின்னால் கிடக்கிறது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை.

வலது முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, கோலிக்குண்டு அளவு கட்டி ஒன்று ஆறு மாதமாகவே இருந்தது. வலி இல்லை என்று விட்டிருந்தேன். ஊரில் முதலில் போன கிளினிக்கில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கொழுப்புக்கட்டி என்று சொல்லி ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

மனசு கேட்காமல் காரைக்குடியில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனேன். டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததெல்லாம் பெரிதே இல்லை. அவர் என் கால் பெருவிரல் மேல் தன் விரலை வைத்து அழுத்தி, "மேல தூக்குங்க" என்றார். இடது விரல் அவர் விரலைத் தள்ளியது. வலது எழவே இல்லை. குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது பாதம் தொங்கியது.

படம் வரைந்து தமிழிலேயே விளக்கினார். கீழ்க்காலின் பெரிய எலும்போடு மெல்லிய பக்க எலும்பு சேரும் இடத்தில் சின்ன மூட்டு ஒன்று உண்டு. அந்த மூட்டு நீர் கசிந்து, ஜெல்லி மாதிரி கெட்டியாகிப் பையாகத் திரள்வதுதான் கேங்லியான். புற்று இல்லை. ஆனால் பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்தப் பக்க எலும்பை ஒட்டியே வளைந்து போகிறது. பை அதை நெரிக்கிறது. முழங்காலுக்கு உள்ளே சிலுவை போல் குறுக்காகப் போகும் தசைநாரிலும் இது வருமாம், அப்போது குந்தி உட்காரும்போது வலிக்கும். ஊசியால் உறிஞ்சிவிடலாமே என்றேன். "திரும்ப நிரம்பிக்கும் சார், நரம்பும் பக்கத்துல இருக்கு."

மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம், அன்று மாலையே ரிப்போர்ட். பைக்கும் மூட்டுக்கும் நடுவே காம்பு போல ஓர் இணைப்பு தெரிந்தது. அதையும் சேர்த்து அடைத்தால்தான் திரும்ப வரும் வாய்ப்பு குறையும். நாள் கடத்தினால் விரலுக்குப் பழைய பலம் முழுசாக வராமல் போகலாம் என்றார்கள். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டு அங்கேயே அறுவை செய்துகொண்டேன்.

ஐந்து வாரம் ஆகிறது. விரல் பாதிதான் எழுகிறது. நேற்று ஊருணி வரை போய்த் திரும்பினேன், செருப்பு காலிலேயே இருந்தது.